உலகம் நின்று போனாலும் ஓடும் யந்திரங்கள்!

ஒரு நாள் துறைமுகத்துக்குக் கப்பல் வரவில்லை. அடுத்த வாரம் பெட்ரோல் இல்லை. அடுத்த மாதம் மின்சாரம் இல்லை. பழுதான யந்திரத்துக்கு மாற்று உறுப்பு வேண்டும் என்றால், அதைச் செய்து கொடுக்க உலகத்தில் ஒரு தொழிற்சாலையும் இல்லை.

அப்படி ஒரு காலம் வந்தால் மனிதன் எதை வைத்துப் பிழைப்பான்?

கனடா நாட்டைச் சேர்ந்த விர்ஜில் டூப்ரா என்பவருக்கு இந்தக் கேள்வி எழுந்தது. கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர் அவர். கேள்வி கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் காலத்துக்கென்றே ஓர் இயக்க முறையை எழுதினார். (கம்ப்யூட்டரின் உறுப்புகளை எல்லாம் கட்டி மேய்க்கும் நிரலுக்குத்தான் இயக்க முறை என்று பெயர்.) 2019-ம் ஆண்டில் அது வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது. அதன் பெயர் "கொலாப்ஸ் ஓ.எஸ்." கொலாப்ஸ் என்றால் இடிந்து விழுதல். உலகம் இடிந்து விழுந்த பிறகு ஓட வேண்டிய இயக்க முறை என்று பொருள்!

2030-ம் ஆண்டுக்குள் உலகின் சரக்குச் சங்கிலி அறுந்துவிடும் என்பது டூப்ராவின் எண்ணம். அது பலிக்குமா, பலிக்காதா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும். ஆனால், பலித்தால் என்ன செய்வது என்பதற்கு அவர் கண்ட வழி விந்தையானது. இன்றைய சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர் எதையும் அவர் நம்பவில்லை. 1976-ம் ஆண்டில் பிறந்த ஒரு பழைய சில்லைத்தான் நம்பினார்!

சங்கிலியில் ஒரு கண்ணி

புதியது இருக்கப் பழையதை ஏன் நம்ப வேண்டும்? காரணம் இருக்கிறது.

இன்று ஒரு நல்ல கம்ப்யூட்டர் சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. 2020-ல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட எம்-1 என்ற சில்லில் மட்டும் 1,600 கோடி! மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் யந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே ஒரே ஒரு கம்பெனி. அது நெதர்லாந்து நாட்டில் வெல்டோவன் என்ற ஊரில் இருக்கிறது. அந்த யந்திரத்துக்கு வேண்டிய கண்ணாடி ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். அதை வைத்துச் சில்லு செய்வது தைவானில். கோப்பது வேறு ஒரு தேசத்தில். எத்தனையோ கடல்களைத் தாண்டிய பிறகுதான் அது கடைக்கு வந்து சேருகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தது. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் டிஸ்குகளின் விலை ஏறியது. 2020-ல் கொரோனா வந்தது. அதைத் தொடர்ந்து சில்லுகளுக்குப் பஞ்சம் ஏற்பட்டு, பல நாடுகளில் கார் தொழிற்சாலைகள் வேலையை நிறுத்தி நிறுத்தி நடத்தின. 2021 மார்ச் மாதத்தில் ஒரே ஒரு கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஆறு நாட்கள் உலக வர்த்தகமே தடுமாறியது!

அவை எல்லாம் சில நாள், சில மாதத் தொல்லைகள். ஆனால், சங்கிலி ஆண்டுக்கணக்கில் அறுந்து கிடந்த தேசங்களும் உண்டு. அங்கே மக்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

விறகு தின்ற கார்கள்

இரண்டாவது உலகப் போர் நடந்த காலம். ஐரோப்பாவில் பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டது. பொது மக்களின் கார்களும் லாரிகளும் படுத்துவிட்டன.

அப்போது கைகொடுத்தது ஒரு பழைய வித்தை. விறகைக் குறைந்த காற்றில் எரித்தால், முழுவதும் எரியாமல் ஒரு வாயு வெளிவரும். அதில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்திருக்கும். இரண்டும் எரியக் கூடியவை. அந்த வாயுவை வடிகட்டி, குளிர வைத்து, என்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் என்ஜினும் ஓடும். ஜார்ஜ் இம்பேர் என்ற பிரெஞ்சு என்ஜினீயர் 1920-களில் இதற்கு ஒரு நல்ல உலையை அமைத்திருந்தார். சீந்துவார் இல்லாமல் கிடந்த அந்த உலைக்குப் போர் வந்ததும் யோகம் அடித்தது. போர் முடியும் சமயத்தில் ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் இப்படி ஓடிக்கொண்டிருந்தன. ஸ்வீடனில் 70 ஆயிரத்துக்கு மேல்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. அதே போர்க் காலத்தில் சென்னை மாகாணத்துச் சாலைகளில் கரி பஸ்கள் ஓடின. பஸ்ஸின் பின்புறத்தில் பீப்பாய் போல ஓர் உலை. அதில் மரக்கரி கனலும். பஸ் கிளம்புவதற்கு முன் கிளீனர் பின்னால் நின்று கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுவார். கரி பற்றி, வாயு வந்து, என்ஜின் உறுமும் வரை பிரயாணிகள் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். மேடு வந்தால் பஸ் திணறும். இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டவர்களும் உண்டு!

இதில் ஆபத்தும் இருந்தது. கார்பன் மோனாக்சைடு விஷ வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. மூடிய கொட்டகையில் உலையை அணைக்காமல் விட்டவர்கள் அப்படியே மயங்கிச் சரிந்தார்கள். ஸ்வீடனில் அந்த விஷத்துக்குப் பலியானவர்கள் பலர்.

போர் முடிந்தது. பெட்ரோல் வந்தது. உலைகள் காயலான் கடைக்குப் போயின. ஆனால், அந்த வித்தையை மறந்துவிடக் கூடாது என்று ஒரு சர்க்கார் நினைத்தது. 1989-ல் அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாகத் துறை ஒரு கையேடு வெளியிட்டது. நாட்டில் பெட்ரோலே கிடைக்காத நிலைமை ஒன்று வருவதாகக் கற்பனை செய்து எழுதிய கையேடு அது. இரும்புக் குப்பைத் தொட்டி, வாளி, தண்ணீர்க் குழாய் உறுப்புகள் இவற்றை வைத்து மரவாயு உலையைக் கட்டுவது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். கட்டிய உலையை ஒரு பண்ணை டிராக்டரில் பொருத்தி ஓட்டியும் பார்த்தார்கள்.

கியூபாவின் இருண்ட ஆண்டுகள்

போர் இல்லாத காலத்திலேயே சங்கிலி அறுந்த கதை கியூபாவினுடையது.

அமெரிக்கா அந்தச் சிறு தீவுடன் வர்த்தகத்தை நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது. பெட்ரோல், யந்திரம், உரம், உணவு என்று எல்லாம் சோவியத் ருஷ்யாவிலிருந்தும் அதன் கூட்டாளி நாடுகளிலிருந்தும் வந்தன. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் மறைந்தது. கப்பல்களும் மறைந்தன. எண்ணெய் வரத்து சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போயிற்று. நாட்டின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. அந்த ஆண்டுகளுக்கு கியூபா சர்க்கார் வைத்த பெயர் "சமாதான காலத்தின் விசேஷ காலகட்டம்."

ஹவானா நகரத்தில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. "மின்வெட்டு" என்று சொல்வதை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். விளக்கு எரியும் கொஞ்ச நேரத்துக்குத்தான் கேலியாகப் பெயர் வைத்தார்கள்!

டிராக்டர்கள் வயலிலேயே நின்றன. விவசாயிகள் மறுபடியும் எருதுகளைப் பழக்கினார்கள். உழவு எருதுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. பஸ்கள் நின்றன. சீனாவிலிருந்து வாங்கியும் உள்நாட்டில் கோத்தும் 10 லட்சம் சைக்கிள்களுக்கு மேல் தெருவுக்கு வந்தன. லாரியின் தலையோடு நீண்ட இரும்புக் கூடு ஒன்றைப் பூட்டி, 300 பேரை அடைத்துக்கொண்டு போகும் வண்டியையும் கட்டினார்கள். முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருந்ததால் அதற்கு "ஒட்டகம்" என்று பெயர். 2008-ல்தான் ஹவானாவிலிருந்து ஒட்டகம் ஓய்வு பெற்றது.

வாஷிங் மெஷினின் மறுபிறவி

வீட்டுக்குள் நடந்தது இன்னும் வேடிக்கை.

சோவியத் நாட்டிலிருந்து வந்த "அவுரிகா" என்ற வாஷிங் மெஷின் கியூபாவில் வீட்டுக்கு வீடு இருந்தது. துணி துவைக்க ஒரு மோட்டார், துணியைப் பிழிய ஒரு மோட்டார் என்று அதில் இரண்டு மோட்டார்கள். தொட்டி துருப்பிடித்து உடைந்தாலும் மோட்டார் சாகவில்லை. ஜனங்கள் அதைக் கழற்றி எடுத்தார்கள். ஒரு வீட்டில் அது மின்விசிறி ஆயிற்று. இன்னொரு வீட்டில் தேங்காய் துருவியது. ஒரு கடையில் சாவி அறுத்தது. ஒரு சக்கிலியர் பட்டறையில் செருப்பைத் தேய்த்து மெருகேற்றியது. பழைய டெலிபோனின் உடம்பு விசிறிக்குப் பீடம் ஆயிற்று. சாப்பாட்டுக் கூடத்து அலுமினியத் தட்டு டெலிவிஷன் ஏரியலாக மாறியது. தண்ணீர் பம்பின் என்ஜினைச் சைக்கிளில் பூட்டி, பிளாஸ்டிக் பாட்டிலைப் பெட்ரோல் டாங்க்காகத் தொங்கவிட்டு ஓட்டினார்கள். அதற்கு "ரிக்கிம்பிலி" என்று பெயர்.

ராணுவத்தின் பதிப்பகமே இதற்குப் புத்தகம் போட்டது. 1992-ல் வெளியான அதன் தலைப்பு "நம் சொந்த முயற்சியால்." பழுது பார்ப்பது முதல் சமையல் வரை தீவு முழுவதிலும் ஜனங்கள் கண்டுபிடித்த உபாயங்கள் அதில் திரட்டப்பட்டிருந்தன.

எர்னஸ்டோ ஒரோசா என்ற வடிவமைப்பாளர் இந்தப் பொருள்களை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார். அவர் இதற்கு வைத்த பெயர் "தொழில்நுட்பக் கீழ்ப்படியாமை." யந்திரத்தைச் செய்தவன் இதை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறான். ஏழை வீட்டுக்காரன் அதை மதிக்காமல் திறந்து பார்க்கிறான். அவனுக்கு அது வாஷிங் மெஷினாகத் தெரியவில்லை. ஒரு மோட்டாராக, ஒரு தகடாக, நாலு திருகாணியாகத் தெரிகிறது!

ஆனால், இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. மோட்டாரை மாற்றிப் பூட்டலாம்; பசியை மாற்றிப் பூட்ட முடியாது. ஜனங்கள் உடல் மெலிந்தார்கள். சத்துக் குறைவால் கண் பார்வையும் நரம்பும் பாதிக்கும் நோய் பரவியது. 1993-க்குள் 50,000 பேருக்கு மேல் அதற்கு ஆளானார்கள். நாடு முழுவதும் வைட்டமின் மாத்திரை கொடுத்த பிறகே நோய் அடங்கியது. கியூபாவின் துன்பம் அந்த ஆண்டுகளோடு தீர்ந்துவிடவும் இல்லை. 2024 அக்டோபர் 18 அன்று தீவு முழுவதும் ஒரே அடியாக மின்சாரம் நின்றது.

பிழைத்த யந்திரத்தின் இலட்சணம்

கரி பஸ்ஸையும் அவுரிகா மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஆபத்தில் உதவிய யந்திரங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று குணங்கள் இருந்தன.

முதலாவது, அது எங்கும் கிடைத்தது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி மோட்டார் இருந்ததால், ஒருவன் கண்ட உபாயம் ஊருக்கே உதவியது. இரண்டாவது, அதைத் திறக்க முடிந்தது. சாதாரண ஸ்பானரும் திருப்புளியும் போதும். மூன்றாவது, அதன் உள்விவரம் தெரிந்த ஆள் பக்கத்துத் தெருவில் இருந்தான்.

டூப்ரா தேடியதும் இந்த மூன்று குணங்கள் உள்ள கம்ப்யூட்டர் சில்லைத்தான்.

நாற்பது கால் பூச்சி

அவருக்குக் கிடைத்தது இசட்-80. பார்ப்பதற்கு நாற்பது கால் உள்ள கருப்புப் பூச்சி போல இருக்கும். இதைப் படைத்தவர் ஃபெடரிகோ ஃபாஜின் என்ற இத்தாலியர். 1971-ல் இன்டெல் கம்பெனியின் முதல் மைக்ரோபிராசசர் உருவானதற்கும் முன்னின்றவர் அவரே. பிறகு அவர் தொடங்கிய ஜைலாக் கம்பெனி 1976-ல் இசட்-80-ஐ வெளியிட்டது.

இதில் உள்ள டிரான்சிஸ்டர்கள் சுமார் 8,500 மட்டுமே. 1,600 கோடி எங்கே, 8,500 எங்கே! ஆனால், இந்த ஏழைச் சில்லு போகாத இடம் இல்லை. 1980-ல் உலகத்தையே ஆட்டி வைத்த "பேக்-மேன்" விளையாட்டுப் பெட்டியில் இருந்தது. 1982-ல் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அமெரிக்க மாணவர்கள் கணக்குப் போடும் கால்குலேட்டரில் இருந்தது. எங்கும் கிடைக்கும் என்ற முதல் குணம் சரியாகப் போயிற்று.

இன்றைய சில்லின் கால்கள் வயிற்றுக்கு அடியில் கடுகு போல ஒட்டியிருக்கும். தனி யந்திரம் இல்லாமல் அதைப் பெயர்க்க முடியாது. இசட்-80-ன் கால்களோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் உள்ள பற்றவைப்புக் கம்பியால் சூடு காட்டி எடுத்து, இன்னொரு பலகையில் வைத்து ஈயம் பற்றிவிடலாம். இரண்டாவது குணமும் சரி.

மூன்றாவது குணத்துக்காகத்தான் டூப்ரா பாடுபட்டார். முழு இயக்க முறையும் சில கிலோபைட் அளவுக்குள் அடங்க வேண்டும், ஒரே மனிதன் முழுவதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த விதி. இதற்காக 2020-ல் அதை "ஃபோர்த்" என்ற பழைய கணினி மொழியில் திருப்பி எழுதினார். சார்லஸ் மூர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய அந்த மொழி, 1970-களின் தொடக்கத்தில் ரேடியோ தொலைநோக்கியை இயக்கப் பயன்பட்டது. சிறிய இடத்தில் பெரிய வேலை செய்யும் மொழி அது.

பழைய விளையாட்டுப் பெட்டியிலும் கால்குலேட்டரிலும் இந்த இயக்க முறை ஓடிவிட்டது. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. அது தன்னைத் தானே நகல் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் குடியேற்றும். பெரிய கம்ப்யூட்டரின் தயவு தேவையில்லை!

பசித்தவனுக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?

நியாயமான கேள்வி. சோறு இல்லாத காலத்தில் கம்ப்யூட்டரை வைத்து என்ன செய்வது?

இன்று தண்ணீர் பம்பிலும் சூரிய மின்பலகையின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் துவைக்கும் யந்திரத்திலும் விரல் நகம் அளவு சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். மின்சாரத்தை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்று அது முடிவு செய்யும். குப்பையில் கிடக்கும் யந்திரங்களிலிருந்து இந்தச் சில்லுகளை வேண்டிய மட்டும் பொறுக்கலாம். ஆனால், துணி துவைக்கப் பழகிய சில்லைப் பயிருக்குத் தண்ணீர் இறைக்கப் பழக்க வேண்டும் என்றால் அதற்குப் புதிய நிரல் எழுத வேண்டும். எழுத ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் கொலாப்ஸ் ஓ.எஸ்.

எல்லாமே நாசமாகி, மனிதன் மரத்தடிக்குப் போய்விட்டால் இதனால் பயன் இல்லை என்பதை டூப்ராவே ஒப்புக்கொள்கிறார். மறுபடி தொழிற்சாலை எழுந்துவிட்டாலும் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள காலத்துக்கான ஏற்பாடு இது. நல்ல கம்ப்யூட்டர்கள் இன்னும் உயிரோடு இருக்கும் முதல் கட்டத்துக்கென்று "டஸ்க் ஓ.எஸ்." என்ற மற்றொன்றையும் பிற்பாடு அவர் எழுதினார். டஸ்க் என்றால் அந்தி. முதலில் அந்தி, பிறகு இருட்டு!

நடைமுறையில் தடைகள் உண்டு. பழைய மின்னணுப் பலகையில் உள்ள சில உறுப்புகளுக்குள் திரவம் காய்ந்துவிடும். நினைவுச் சில்லில் பதித்த எழுத்து பல பத்தாண்டுகளில் மங்கிப்போகும். பாட்டரி கசிந்து செம்பை அரிக்கும். அலமாரியில் பூட்டி வைத்த பழைய யந்திரம், எடுத்த அன்றே வேலை செய்யும் என்று எண்ணக் கூடாது.

இதற்கிடையில் இன்னொரு செய்தியும் வந்தது. நாற்பது கால் இசட்-80-ஐச் செய்வதை நிறுத்தப் போவதாக 2024 ஏப்ரலில் ஜைலாக் கம்பெனி அறிவித்தது. கடைசி ஆர்டர் வாங்கிய நாள் ஜூன் 14. நாற்பத்தெட்டு ஆண்டு வாழ்வு முடிந்தது. இனிமேல் அது உண்மையாகவே குப்பையில் தேடி எடுக்க வேண்டிய பொருள்தான்.

எதைச் சேமிப்பது?

அப்படியானால் ஒவ்வொருவரும் வீட்டில் பழைய சில்லையும் வாஷிங் மெஷின் மோட்டாரையும் மூட்டை கட்டி வைக்க வேண்டுமா? தேவை இல்லை. உலகில் குப்பைக்குப் பஞ்சம் வராது.

பஞ்சம் வருவது வேறொன்றுக்கு. இன்றைக்கும் நம் ஊர்களில் மோட்டார் காயில் கட்டுகிறவர் இருக்கிறார். மிக்ஸியைப் பிரித்து மாட்டுகிறவர் இருக்கிறார். எரிந்த பலகையை மூக்கருகே வைத்துப் பார்த்தே எந்த உறுப்பு போயிற்று என்று சொல்லிவிடுகிற ரேடியோ மெக்கானிக்கும் எங்கோ ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கிறார். "ரிப்பேர் செய்வதை விடப் புதிது வாங்குவது லாபம்" என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. அவர்கள் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. பல கம்பெனிகள் திறக்கவே முடியாதபடி பசை போட்டு ஒட்டி யந்திரத்தை விற்கின்றன. பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜனங்கள் சட்டம் கேட்டுப் பெற்றுவருவது இதனால்தான்.

கியூபாவில் புத்தகம் அச்சிட்டார்கள். அமெரிக்காவில் கையேடு போட்டார்கள். டூப்ரா தன் நிரல் முழுவதையும் யாரும் படிக்கும்படி திறந்து வைத்தார். மூவரும் சேமித்தது யந்திரத்தை அல்ல, அதை ஓட்டும் வித்தையை.

உலகம் நிற்காமலே ஓடலாம். அப்படி ஓடினாலும், ஒரு பையன் மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நின்று போனாலோ, அவன் ஒருவனால் ஒரு தெரு பிழைக்கும். காயலான் கடையில் இரும்பு எப்போதும் கிடைக்கும். அதை ஓட வைக்கத் தெரிந்தவன் அங்கே விலைக்குக் கிடைக்கமாட்டான்.